கடாரம் கொண்டான், கச்சு கண்டானா?

"இதுக்கா நானூத்தி எண்பது வெள்ளி?"

கேட்டவர் என் பெரியம்மா. கார் செமெலிங்கைத் தாண்டி மெர்போக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் மடியில் ஒரு கறுப்பு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் மெல்லிய தாள், தாளுக்குள் இன்னொரு தாள், அதற்குள் ஒரு முழத்துக்கும் குறைவான பட்டுத்துணி. பினாங்கில் எஞ்சினியர் வேலை பார்க்கும் என் அக்கா மகள் போனஸ் காசில் வாங்கிய சீனத்து உள்ளாடை. சாய்சதுரமாக ஒரு துண்டு. மேல் மூலையை வெட்டிக் கழுத்துக்கு ஒரு கயிறு, பக்க மூலைகளில் இடுப்புக்கு இரண்டு கயிறு. நடுவில் தாமரை, தாமரைக்கு அடியில் இரண்டு மீன், எல்லாம் கைத்தையல். பின்பக்கம் வெறும் காற்று.

"முதுகு எங்கடி?"

"முதுகு கிடையாது பாட்டி. டிசைனே அப்படித்தான்."

"அப்ப பாதி விலைதானே வாங்கணும்?"

நாங்கள் போய்க்கொண்டிருந்தது தஞ்சோங் டாவாய்க்கு, நெத்திலி வாங்க. மெர்போக் ஆறு கடலில் விழும் இடம் அது. அதற்கு மேல் சாலை கிடையாது. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா தெரியும், படகில் போய் வரலாம். இந்தக் கரையில் நெத்திலி காயும், கருவாடு காயும், பெலாச்சான் வாசம் சட்டையோடு வீடு வரைக்கும் வரும். டாவாய் என்றால் மலாயில் கம்பி. ஊருக்கே கம்பிமுனை என்று பெயர். படகுத்துறைக்குப் பக்கத்து வீட்டுக் கம்பிக்கொடியில் அன்றைக்கு நாலைந்து பாடி காய்ந்துகொண்டிருந்தது. கம்பி வைத்த பாடி, கம்பியில், கம்பிமுனையில். பெரியம்மாவுக்கு இதில் எந்த விசேஷமும் தெரியவில்லை. எனக்கோ அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை.

நம் ஆட்கள் கெடா என்றாலே மார்தட்டிக்கொள்வார்கள். கெடாதான் பழைய கடாரம், ராஜேந்திர சோழன், புலிக்கொடி. மார்தட்டுகிற மார்பில் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மன்னர்களின் மெய்க்கீர்த்தியில் அது வராது. ஆனால் தேடிப் போனால் அகராதியே ஆரம்பித்து வைக்கிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய சரக்குகளை அடுக்கிக்கொண்டே வரும்போது காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறார். காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். அதே காழகத்துக்கு அகராதியில் இன்னொரு பொருள் உண்டு: உடை. பெயரிலேயே துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற ஊர் இது.

மார்க்கச்சுக்கும் பழைய தமிழில் தனிப் பெயர் இருந்தது. வம்பு. இன்றைக்கு நாம் "ஊர் வம்பு" என்று சொல்கிறோமே, அதே எழுத்து, அதே உச்சரிப்பு. ஒரே சொல்தானா, இரண்டு சொல்லா என்பதைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால் பொருத்தமான பெயர். திருவள்ளுவர்கூட அந்தத் துணியைப் பார்த்ததும் யானையின் முகபடாம் ஞாபகம் வந்து ஒரு குறள் எழுதிவிட்டார். அவர் சொன்னால் குறள். அதையே என் சித்தப்பா சொல்லியிருந்தால் சித்தி அவரை வீட்டுக்கு வெளியே படுக்க வைத்திருப்பார்.

சரி, கெடா மண்ணை மிதித்தவர்களில் உள்ளாடையைப் பற்றி உட்கார்ந்து விவரமாக எழுதியவர் யார்? வியாபாரியா, தையல்காரரா, மன்மதக் கவிஞரா? இல்லை. ஒரு சீன சந்நியாசி.

யீ ஜிங் என்று பெயர். 671-இல் குவாங்சௌவில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். இந்தியாவுக்குப் போய் வினய நூல்களை, அதாவது புத்த பிக்குகளின் ஒழுக்க விதிகளை, மூலத்திலேயே படித்து வருவது அவர் திட்டம். வழியில் இருந்த ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டுக் கெடா வந்து சேர்ந்தார். இங்கே காற்று திரும்புகிறவரை கப்பல்கள் காத்துக்கிடக்கும். அவரும் காத்துக்கிடந்தார். அந்த நாள்களில் ஆற்றங்கரையில் குளிக்கிற பெண்கள் எதைக் கட்டியிருந்தார்கள் என்று அவர் எழுதவில்லை. பார்க்கவில்லை என்று நாமும் நம்பிக்கொள்வோம்.

ஆனால் மனுஷருக்குத் துணி விஷயத்தில் அசாத்தியக் கூர்மை. பிற்பாடு ஸ்ரீவிஜயத்தில் உட்கார்ந்து எழுதி 692-இல் சீனாவுக்கு அனுப்பிய புத்தகத்தில் உடைக்கு மட்டும் அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்கியிருக்கிறார். சீனத்து பிக்குகள் கால்சட்டை போடுகிறார்கள், சட்டை மாட்டுகிறார்கள், எல்லாமே விதிமீறல் என்று பொரிந்து தள்ளுகிறார். அப்புறம் பிக்குணிகளிடம் வருகிறார். அவர்களுக்கு ஐந்து துணி. அதில் ஒன்று பாவாடை. இரண்டு பக்கமும் தைத்து மூடி, சின்னக் குதிர் மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும். நீளம் நாலு முழம், அகலம் இரண்டு முழம். காலை உள்ளே விட்டு மேலே இழுத்து, தொப்புளை மூடிக் கட்ட வேண்டும். கீழ் ஓரம் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும்.

இதைப் படித்துக் காட்டினால் எங்கள் தோட்டத்துப் பாட்டிமார்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "இது கைலிதானே, இதுக்கு எதுக்குச் சாமியார்?"

அதற்கு அடுத்து அவர் சொல்வதுதான் விசேஷம். அக்குளுக்கும் மார்புக்கும் நடுவே எந்தக் கட்டும் கூடாது. இளம் வயதோ, முதிர்ந்த வயதோ, உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படி இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. இது ஏழாம் நூற்றாண்டில், தலையை மழித்த ஒரு கட்டுப்பெட்டிச் சந்நியாசி சொன்னது. இதே கருத்தைப் பிற்காலத்தில் யார் சொன்னார்கள், எவ்வளவு அபராதம் போட்டார்கள் என்பது கொஞ்சம் கழித்து வரும்.

காற்று திரும்பியதும் கெடாவிலிருந்து வடக்கே கப்பல் போயிற்று. பத்து நாளுக்குச் சற்று மேல் ஓடியதும் ஒரு தீவு. கரையெல்லாம் தென்னையும் பாக்கும். கப்பலைக் கண்டதும் தீவுக்காரர்கள் சின்னச் சின்னத் தோணிகளில் தேங்காயும் வாழைப்பழமும் நிரப்பிக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். ஆண்கள் உடம்பில் ஒரு நூல் கிடையாது. பெண்கள் ஓர் இலையால் மறைத்திருந்தார்கள். கப்பலில் இருந்த வியாபாரிகள், வியாபாரிகள் புத்தி எங்கே போகும், கேலிக்குத் துணியை நீட்டிக் காட்டினார்கள். தீவுக்காரர்கள் கையை ஆட்டி வேண்டாம் என்றார்கள். அவர்கள் கேட்டது இரும்பு. இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து பத்துத் தேங்காய் கொடுத்தார்களாம். யீ ஜிங் அந்தத் தீவை அம்மண மனிதர் நாடு என்றே எழுதிவைத்தார். நிக்கோபார் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. மணிமேகலையில் சாதுவன் கப்பல் உடைந்து கரையேறுவதும் அம்மணமாகத் திரியும் நாகர்களிடம்தான்.

இரும்பு என்றதும் எனக்கு சுங்கை பத்து நினைவுக்கு வந்தது. தஞ்சோங் டாவாய்க்குப் போகும் வழியில் செமெலிங் பக்கம்தான் இருக்கிறது. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளையும் கசடுகளையும் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். இங்கே இரும்பு உருக்கினார்கள், பத்து நாள் தள்ளி இரும்புக்கு அடித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே கப்பலில் ஒரு சாமியார் உள்பாவாடைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் ஒரு வரலாறு என்ன நகைச்சுவை செய்ய வேண்டும்?

ராஜேந்திரன் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை நீளமாகச் சொல்ல நம்மிடம் பேச்சாளர்கள் நிறைய. 1025-இல் கப்பல் படை வந்தது. மெய்க்கீர்த்தியில் அடித்த ஊர்களின் பட்டியல் ரயில்வே அட்டவணை மாதிரி நீள்கிறது. எடுத்துப் போன பொருளில் வித்தியாதர தோரணம், மணிக் கதவுகள் என்று வாசல் சாமான்கள்தான் முக்கியமாக இடம்பெறுகின்றன. வீட்டுக்காரியிடம் கேட்காமல் ஷாப்பிங் போகிற ஆண்பிள்ளை கதவைத்தான் வாங்கி வருவான். பட்டியலில் மாநக்கவாரமும் இருக்கிறது. அதுவும் நிக்கோபார்தான் என்கிறார்கள். துணியே வேண்டாம் என்று கையை ஆட்டிய ஊரிலிருந்து என்ன கொள்ளையடித்தார்களோ, தேங்காயாக இருக்கும்.

சண்டையைவிட வியாபாரத்தில் சோழர்கள் கெட்டிக்காரர்கள். 1077-இல் 72 பேர் சோழ நாட்டிலிருந்து சீனச் சக்கரவர்த்தியைப் பார்க்கப் போனார்கள். கண்ணாடிச் சாமான், கற்பூரம், யானைத் தந்தம், பன்னீர், பெருங்காயம் எல்லாம் காணிக்கை. பதிலுக்குக் கிடைத்தது 81,800 கோவைச் செப்புக்காசு. பெருங்காயத்துக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நாகப்பட்டினத்துப் பருத்தி கிழக்கே போக, சீனத் துறைமுகமான சுவான்சௌவின் பட்டும் பீங்கானும் மேற்கே வந்தன. நடுவே மெர்போக் ஆற்றின் பெங்காலான் பூஜாங் துறை. அங்கே தோண்டினால் சோங் காலத்துப் பீங்கான் ஓடு ஓடாகக் கிடைக்கிறது. பீங்கான் உடைந்தாலும் கிடக்கும். பட்டு மக்கிப்போகும். அதனால்தான் நம் அருங்காட்சியகங்களில் சட்டி நிறைய, சட்டை இல்லை.

சீனாவில் சட்டை கிடைத்திருக்கிறது. 1975-இல் ஃபூசௌவில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். 1243-இல் இறந்துபோன ஹுவாங் ஷெங் என்ற பெண்ணுடையது. அவருடைய அப்பா சுவான்சௌவின் ஆட்சியாளர், துறைமுகச் சுங்கமும் அவர் கையில். நம் ஊர் மிளகும் கற்பூரமும் அவர் முத்திரை விழாமல் கரையேறியிருக்காது. மகளோடு சேர்த்துப் புதைத்த துணிமணிகள் முந்நூறுக்கும் மேல். அதில் ஒரு மார்த்துணியும் இருந்தது: இரண்டு அடுக்குப் பட்டு, நடுவே மெல்லிய பஞ்சு, கட்டுவதற்கு நாடா. எழுநூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அழியவில்லை. அந்தப் பெண் போய்ச் சேர்ந்து ஒரு நாற்பது வருஷத்துக்குள், 1281-இல், அதே சுவான்சௌவில் ஒரு தமிழர் சிவன் கோவில் எழுப்பித் தமிழில் கல்வெட்டும் வைத்துவிட்டார். அவர் ஊருக்குத் திரும்பும்போது மனைவிக்கு என்ன வாங்கிப் போனார் என்று கல்வெட்டில் இல்லை. ஆண்களின் கல்வெட்டு எதிலும் அது இருக்காது.

சீனப் பட்டின் மெலிசு பற்றி ஒரு வார்த்தை. 1972-இல் சாங்ஷாவுக்குப் பக்கத்தில், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சீமாட்டியின் சமாதியில் முழு நீள மேலங்கி ஒன்று கிடைத்தது. எடை 49 கிராம். தஞ்சோங் டாவாயில் நூறு கிராம் நெத்திலி வாங்கினால் அதில் பாதி. பெரியம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, "நெத்திலியாச்சும் குழம்புக்கு ஆகும்" என்றார்.

அக்கா மகள் வாங்கியது மிங், சிங் காலத்தில் சீனத்துப் பெண்கள் எல்லாரும் அணிந்த துதோவ். வயிற்றுக் கவசம் என்று வைத்துக்கொள்ளலாம். அழகுக்கு என்று ஆரம்பித்ததில்லை. வயிற்றில் குளிர் பட்டால் நோய் வரும் என்பது சீன வைத்தியம், ஆகவே குழந்தைக்கும் போடுவார்கள், கிழவருக்கும் போடுவார்கள். குழந்தைத் துதோவில் தேள், பூரான், பாம்பு என்று ஐந்து விஷ ஜந்துக்களைப் பூவேலை செய்வார்கள். நாம் அரைஞாண் கட்டித் தாயத்து கோத்த மாதிரி. சிலவற்றில் உள்பக்கம் ஒரு சின்னப் பை இருக்கும், மூலிகையோ வாசனைப் பொடியோ வைக்க. இந்தப் பையை மறந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு மகாராணி கதை வேண்டுமே. தாங் சக்கரவர்த்தியின் காதலி யாங் குய்ஃபெய்யின் மார்பில், அவளுக்குச் செல்லப் பிள்ளையாக நடித்த ஆன் லுஷான் என்ற தளபதியின் நகம் கீறிவிட்டதாம். ராஜா கண்ணில் படாமல் மறைக்க ஒரு துணியைக் கட்டினாளாம். அதுவே ஃபேஷன் ஆயிற்றாம். பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதை. இருந்தாலும் வம்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

இப்போது அபராதக் கதை. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் சீனப் பெண்கள் வரிசையாகப் பொத்தான் வைத்த இறுக்கமான சின்ன மேற்சட்டை ஒன்றை உள்ளே மாட்டி மார்பைத் தட்டையாக்கினார்கள். 1927 ஜூலையில் குவாங்டோங் மாகாண அதிகாரி சூ ஜியாஹுவா, இந்தக் கட்டு உடம்புக்குக் கேடு, தேசத்துக்கே கேடு, மூன்று மாதத்தில் அவிழ்த்துவிட வேண்டும், மீறினால் 50 யுவானுக்குக் குறையாத அபராதம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இயற்கை மார்பு இயக்கம் என்று அதற்குப் பெயர். மாகாணத் தலைநகர் எது? குவாங்சௌ. 671-இல் யீ ஜிங் கப்பலேறிய அதே ஊர். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகி, சந்நியாசி ஒழுக்கத்துக்காகச் சொன்னதை அதிகாரி தேசபக்திக்காகச் சொன்னார். நடுவில் பெண்களை யாராவது கேட்டார்களா என்றால், அதற்கு மட்டும் ஆவணம் இல்லை. அபராதம் வசூலிக்கப் போலீஸ்காரர் எப்படிச் சோதனை போடுவார் என்பதை அந்த அதிகாரி யோசித்தாரா என்பதும் என் நெடுநாள் சந்தேகம்.

சீனாவில் கட்டினால் அபராதம். திருவிதாங்கூரில் மூடினால் அடி. தெற்கே நாஞ்சில் நாட்டில் நாடார் பெண்கள் மேலே துணி போட்டார்கள் என்பதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்த காலம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, அதனால் வேகமாகச் சொல்கிறேன். 1859 ஜூலை 26-இல்தான் மகாராஜா இறங்கி வந்து மூடிக்கொள்ளலாம் என்று ஆணையிட்டார், அதுவும் உயர்சாதிப் பெண்கள் போடும் பாணியில் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தப் போராட்டத்தின் ஓரத்தில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, 1821 வாக்கில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மூடக்கூடாது என்று அடிபட்ட சனத்தின் பெண்கள், சீமைச் சீமாட்டிகள் மூடிக்கொள்வதற்கு லேஸ் பின்னினார்கள்.

அதே நூற்றாண்டின் கடைசியில் சீனாவின் சுவாத்தோவில் அமெரிக்க மிஷன் பெண்கள் அதே காரியத்தைச் செய்தார்கள். நூலை உருவி ஜன்னல் மாதிரி ஓட்டை வைக்கும் வேலையைக் கிராமத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கைக்குட்டையும் மேஜைவிரிப்பும் கப்பல் கப்பலாக அமெரிக்கா போயின. கைக்குட்டை என்றதும் இன்னொன்று. 1914-இல் நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பணக்கார வீட்டுப் பெண் இரண்டு கைக்குட்டையையும் ரிப்பனையும் தைத்து ஒரு மார்க்கச்சு செய்து காப்புரிமை வாங்கினார். பின்னால் அதை 1,500 டாலருக்கு விற்றும்விட்டார். இரண்டு கைக்குட்டை, கொஞ்சம் நாடா. நம் ஊரில் யாராவது முதலில் பதிந்திருந்தால் பெரியம்மா இன்றைக்குக் கோடீஸ்வரி.

கெடாவின் பங்கு அப்புறம்தான் பெரிதாயிற்று. கைக்குட்டையும் ரிப்பனும் நின்றாலும் இழுபடாது. இழுபட ரப்பர் வேண்டும். 1931-இல் ரப்பர் பாலையே நூலாக இழுத்து அதன் மேல் பருத்தியோ பட்டோ சுற்றுகிற வித்தையைக் கண்டுபிடித்தார்கள். லாஸ்டெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை திமிங்கல எலும்பிலும் இரும்புக் கம்பியிலும் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிய சீமைப் பெண்கள் முதல்முறையாக உட்கார்ந்து எழுந்தார்கள். அந்த ரப்பருக்குப் பெரிய ஊற்று மலாயாத் தோட்டங்கள். மரத்தில் வடிந்த பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றிக் கப்பலேற்றுவார்கள். தோட்டத்துப் பால் ஸ்டோரின் அந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு பெலாச்சான் மல்லிகைதான்.

பால் வெட்டிய என் பெரியம்மாவின் அம்மா விடிகாலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் கோலத்தைக் கேளுங்கள். கீழே கைலி. மேலே தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. இடுப்பில் ஒரு தகர டப்பா, அதற்குள் புகைகிற கொசுவர்த்தி. சட்டை முழுக்க ஒட்டிக் காய்ந்து கறுத்த பால். ஊருக்கெல்லாம் எலாஸ்டிக் கொடுத்த அந்த உடம்பில் எலாஸ்டிக் என்று ஒன்று கிடையாது. எல்லாம் முடிச்சு. லயத்துக் குழாயடியில் குளிக்கும்போது கைலியை நெஞ்சுக்கு மேலே ஏற்றி ஒரு சுருட்டுச் சுருட்டிச் செருகினால் குறுக்குக்கட்டு. மலாய்க்காரர் கெம்பான் என்பார்கள். கொக்கி இல்லை, கம்பி இல்லை, ஆனாலும் வாளித் தண்ணீரை எத்தனை தடவை தலையில் கவிழ்த்தாலும் அவிழாது. இந்தப் பொறியியலை ஒரு பட்டதாரியும் இதுவரை விளக்கிச் சொல்லவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கெடாவின் ஜித்ராவில் வெள்ளைக்காரன் தற்காப்புக் கோடு இரண்டே நாளில் உடைந்தது. கெடா போயிற்று, மலாயா போயிற்று, ரப்பர் போயிற்று. அடுத்த வருஷம் வாஷிங்டனில், இடுப்பை இறுக்கும் உடைக்கெல்லாம் ரப்பர் கிடையாது, டயருக்குத்தான் என்று கையை விரித்தார்கள். அமெரிக்கப் பெண்கள் கொதித்தார்கள். ஜித்ராவில் கோடு அறுந்ததற்கு சிகாகோவில் இடுப்பு தளர்ந்தது. இங்கே தோட்டத்து ஆண்களை சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், பாதிக் குடும்பம் திரும்பவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்குத் துணியே கிடைக்காமல் சாக்கைக் கட்டினார்கள். அதை இந்தக் கட்டுரையின் தொனியில் சொல்ல எனக்கு வரவில்லை.

போருக்குப் பின்னால்தான் பெரியம்மா தலைமுறைக்குப் பாடி வந்தது. மலாயில் சோலி என்பார்கள். இந்திச் சொல், கப்பலேறி வந்தது. பெரியம்மாவின் முதல் பாடி கடையில் வாங்கியது இல்லை. மாவுச் சாக்கைத் துவைத்து, தோட்டத்துத் தையல்காரர் வெட்டித் தைத்தது. எத்தனை வெளுப்பு வெளுத்தும் மாவு மில்லின் முத்திரை போகவில்லை. இன்றைக்கு எல்லாரும் நெஞ்சில் கம்பெனி முத்திரை குத்திக்கொண்டு திரிகிறார்களே, அதையெல்லாம் பெரியம்மா எப்போதோ பார்த்தாயிற்று. முன்பக்கம் நாலு பொத்தான். இடப்பக்கம் உள்ளே ஒரு பை. அந்தப் பைதான் முக்கியம். சம்பள நாளன்று தீம்பாரிலிருந்து, ரப்பர்க் காட்டிலிருந்து, லயத்துக்கு வரும் வழியில் கள்ளுக்கடை இருக்கும். பெரியப்பாவுக்குக் காசு எங்கே இருக்கிறது என்று தெரியும், எடுக்கத்தான் முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் செருப்போடு போனது எத்தனை வீட்டில் அந்தப் பையால் என்பதை எந்தப் பொருளாதார நிபுணரும் எண்ணவில்லை.

சீனாவின் கதை இதற்குள் எங்கோ போய்விட்டது. லேஸ் பின்னிய சுவாத்தோவுக்குப் பக்கத்தில் குராவ் என்று ஒரு ஊர். நம் பினாங்கு, கெடாவில் இருக்கும் தியோச்சூ சீனர்களின் பூர்வீக வட்டாரம். சில வருஷத்துக்கு முன் வந்த செய்திக் கணக்குப்படி ஆண்டுக்கு 35 கோடி பாடி அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. நம் பாசார் மாலாமில் மூன்று பத்து வெள்ளி என்று குவித்து வைத்து விற்பதும் அந்தக் குவியலில் ஒரு கைப்பிடியாகத்தான் இருக்கும். மலிவாகத் தைத்துத் தைத்து அலுத்துப்போய், இனி நாங்களும் சீமை விலைக்கு விற்போம் என்று கிளம்பியவர்கள் பழைய பெட்டியைத் திறந்தார்கள். 1993-இல் பெய்ஜிங்கில் ஆரம்பித்த அய்மர் பெரிய கம்பெனி ஆயிற்று. 2012-இல் ஷாங்காயில் லியு சியாவ்லு என்ற பெண் நெய்வாய் என்று ஒன்று தொடங்கினார். உள்ளே வெளியே என்று அர்த்தம். நம் ஆட்கள் சீட்டுக்கட்டோடு அந்தப் பெயரில் விளையாடி எத்தனையோ தீபாவளிச் சம்பளத்தை இழந்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனி ஆரம்பித்ததே கம்பி இல்லாத பாடியில். அதாவது டாவாயை உருவிவிட்டார்கள். யீ ஜிங் கேட்டால் சந்தோஷப்படுவார். இன்னொரு பக்கம் சின்னச் சின்னத் தையலகங்கள் துதோவை எடுத்து, முதுகை இன்னும் கொஞ்சம் திறந்து, கழுத்துக் கயிற்றைச் சங்கிலியாக்கி, உள்ளே போட்டதை வெளியே போடச் சொன்னார்கள். பாட்டிகளின் வயிற்றுக் கவசம் பேத்திகளின் விருந்துச் சட்டை ஆயிற்று.

இதையெல்லாம் நான் படகுத்துறையில் நின்று அக்கா மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இரும்பு சுங்கை பத்துவில் உருகியது, பருத்தி நாகப்பட்டினத்திலிருந்து வந்தது, பட்டு சுவான்சௌவிலிருந்து வந்தது, ரப்பர் நம் தோட்டத்தில் வடிந்தது, கொக்கி வேண்டுமானால் இதோ இந்த மீன்காரரிடமே இருக்கிறது. ஒரு பாடிக்கு வேண்டிய சாமான் அத்தனையும் இந்த ஆற்று வாயைத் தாண்டித்தான் போயிருக்கிறது, பாடி மட்டும் மாவுச் சாக்கில் வந்தது என்றேன். நல்ல வசனம் என்று எனக்கே தோன்றியது. அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா நெத்திலிக்கு விலை பேசி, ஒரு கிலோவுக்கு மேல் ஒரு கைப்பிடி கொசுறும் வாங்கிவிட்டு, ரவிக்கைக்குள் கையை விட்டு நாலாக மடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். மீன்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஈரமான நோட்டை இரண்டு விரலால் வாங்கினார். பழக்கப்பட்டவர்.

காரில் ஏறியதும் பெட்டியை மறுபடி திறந்து, பட்டைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் தடவிப் பார்த்தார்.

"பை எங்க?"

"பை எல்லாம் இதுல கிடையாது பாட்டி."

பழைய துதோவில் பை இருந்தது என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மறுவாரம் அக்கா மகள் பினாங்கிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். எழுத்து ஒன்றும் இல்லை, அழுகிற முகம் மட்டும் ஒன்பது. தாமரைக்கும் மீனுக்கும் நேர் பின்னால், பட்டின் உள்பக்கத்தில், நீலக் கட்டம் போட்ட பழைய கைலித் துண்டில் ஒரு பை. நாலு பக்கமும் இரட்டைத் தையல், மூலைக்கு மூலை முடிச்சு, இழுத்தாலும் வராது. உள்ளே இருபது வெள்ளி நோட்டு ஒன்று, நாலாக மடித்து.